வீட்டுப் பத்திரமும் வீட்டாரின் மௌனமும்

கடலூரிலும் சிதம்பரத்திலும் சொந்த வீடு உள்ள நம் குடும்பங்கள் பல, அவ்வீட்டின் மூலப்பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் பெற்றிருக்கின்றன. மகளின் திருமணம், மகனின் பொறியியல் படிப்பு, கடை விரிவு, மருத்துவச் செலவு எனக் காரணங்கள் பல. கடன் வாங்குவது இழுக்கன்று. ஆனால் வாங்கிய கடனின் தவணை தவறிவிட்டால் அடுத்து என்ன நிகழும், எவ்வளவு காலம் நமக்கு இருக்கிறது, யாரிடம் போவது என்பவற்றை முன்னரே அறிந்திருப்போர் மிகச் சிலரே. இத்திங்கள் அதனைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலில் இக்கடனின் தன்மையைத் தெரிந்துகொள்வோம். வீட்டின் பேரில் வாங்கும் கடன் இரு வகைப்படும். ஒன்று, மொத்தமாகப் பெற்று மாதத் தவணையில் அடைப்பது. மற்றொன்று, மிகைப்பற்று எனப்படும் ஓவர்டிராஃப்ட். வீட்டின் மதிப்பில் ஒரு பங்கை எல்லையாக வங்கி வகுத்துவிடும். வேண்டும்போது எடுக்கலாம், கையில் பணம் வரும்போது கட்டலாம். எடுத்த தொகைக்கு, எடுத்த நாள்களுக்கு மட்டுமே வட்டி. வணிகம் செய்வோர்க்கு இது மிக வசதியானது. அந்த வசதியே இதன் ஆபத்துமாகும். இருபது இலட்சம் எடுக்கலாம் என்ற எல்லை, இருபது இலட்சம் நம்மிடம் இருக்கிறது என்ற மயக்கத்தைத் தந்துவிடுகிறது. எல்லை வேறு, வருமானம் வேறு.

அமெரிக்க நாட்டில் இதே மயக்கம் பெருந்துன்பத்தில் முடிந்தது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வீட்டு விலை ஏற ஏற, மக்கள் வீட்டின் பேரில் இத்தகைய எல்லைக் கடன்களை வாங்கிச் செலவிட்டனர். 2006-க்குப் பின் விலை சரிந்தது. 2008-இல் நிதி நெருக்கடி முற்றியபோது, இன்னும் எடுக்கலாம் என்று எண்ணியிருந்த பலருடைய எல்லையை வங்கிகள் நிறுத்திவிட்டன. நம் நாட்டிலும் ஓவர்டிராஃப்ட் எல்லையை வங்கி குறித்த காலத்தில் மறுஆய்வு செய்து குறைக்கலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

நம் பகுதிக்கெனச் சில இடர்ப்பாடுகளும் உண்டு. கடலூரில் விசைப்படகு வைத்திருப்போர்க்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் வட்டி மட்டும் ஓய்வதில்லை. 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. ஒரு மரம் மீண்டும் காய்க்க ஆண்டுகள் பல ஆகும், தவணையோ மாதந்தோறும் வரும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருகிக் கடலூரில் வீடுகளையும் கடைகளையும் சூழ்ந்தது. சிதம்பரத்தில், 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசு தன் பொறுப்பில் ஏற்ற பின், மிகையாக இருந்த ஊழியர் பலர் வெளியூர் அலுவலகங்களுக்கு மாற்றப்பட்டனர். ஒரு குடும்பம் இரண்டு ஊர்களில் வாழ நேரும்போது செலவு எப்படிக் கூடும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தவணை தவறுவது எப்பொழுதும் ஒழுக்கக் குறையினால் வருவதன்று. அதனை மறைப்பதால் வரும் கேடுதான் பெரிது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சிதம்பரத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர், தம் வீட்டின் பேரில் இருபது இலட்சம் எல்லை பெற்று, அதனை முழுதும் எடுத்துவிட்டார். வட்டி நூற்றுக்குப் பதினொன்று. மாத வட்டி ஏறத்தாழ 18,300 ரூபாய். வாணிபம் மந்தமாகிறது, மூன்று மாதம் வட்டி கட்டவில்லை. வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பெட்டியின் அடியில் வைத்துவிடுகிறார். மனைவி அறியாள், வெளிநாட்டில் உள்ள மகன் அறியான். ஊரில் எல்லாரும் பேசும் சிதம்பர ரகசியம் வேறு. இவருடைய வீட்டிலோ கடன்தான் ரகசியம். இந்த நிலையில் அவர் கட்ட வேண்டியது 55,000 ரூபாயும் சிறிது தண்டக் கட்டணமுமே. நகையில் ஒன்றை விற்றாலோ மகனிடம் சொன்னாலோ தீர்ந்துவிடும். அவர் வாய் திறவாமல் இரண்டு ஆண்டுகள் கழியுமாயின், வட்டிக்கு வட்டி ஏறி நிலுவை ஏறத்தாழ 24,90,000 ரூபாய் ஆகிவிடும். அப்போது நகை போதாது, வீடே கேள்விக்குறியாகும்.

இங்கே ஒரு நுட்பமான செய்தி உண்டு. கடன் வாராக்கடன் என்று வகைப்படுத்தப்பட்ட பின், வங்கி தன் கணக்கில் அதன் வட்டியை வருமானமாக எழுதுவதில்லை. ஆகவே கணக்கேட்டில் பாக்கி ஒரே தொகையாக நிற்பதைக் கண்டு, வட்டி நின்றுவிட்டது என்று சிலர் எண்ணி மகிழ்கின்றனர். ஒப்பந்தப்படி நம் மீது வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். அறிவிப்பு வரும் நாளில் அது முழுதாக வெளிப்படும்.

சட்டம் வகுத்துள்ள படிகள்

தவணை தவறிய அன்றே வீடு போய்விடாது. நடுவே பல படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் நமக்கு ஒரு கால அவகாசம் இருக்கிறது. அவற்றை நாள்கணக்காக அறிந்துகொள்வோர்க்கு அச்சம் பாதி குறையும்.

முதற்படி தொண்ணூறு நாள். தவணையோ வட்டியோ 90 நாளுக்கு மேல் நிலுவையாக நின்றால் அக்கடன் வாராக்கடன் ஆகும். ஓவர்டிராஃப்டில், 90 நாளில் வரவு ஒன்றும் இல்லாவிட்டாலும், வந்த வரவு அந்தக் காலத்து வட்டிக்குப் போதாவிட்டாலும், பாக்கி எல்லைக்கு மேலாகத் தொடர்ந்து நின்றாலும் அவ்வாறே. இந்தத் தொண்ணூறு நாள்களே மிகமிக மலிவான காலம். ஏனெனில், வாராக்கடன் ஆன பிறகு ஒரு தவணையை மட்டும் கட்டி மீள முடியாது. நிலுவையிலுள்ள அசல் வட்டி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது.

இரண்டாம் படி அறுபது நாள். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி, வங்கி நீதிமன்றம் செல்லாமலே அடமானச் சொத்தை எடுக்க முடியும். ஆயினும் அதற்கு முன், பதின்மூன்றாம் பிரிவின்கீழ் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, அறுபது நாள் அவகாசம் தர வேண்டும். அந்த அறிவிப்புக்கு நாம் எழுத்து மூலம் மறுப்போ வேண்டுகோளோ அனுப்பலாம். பதினைந்து நாளுக்குள் காரணங்களோடு வங்கி பதில் கூற வேண்டும். கணக்கில் பிழை இருப்பின், கட்டிய பணம் வரவு வைக்கப்படாதிருப்பின், அதனைச் சொல்ல வேண்டிய இடம் இதுவே.

மூன்றாம் படி சுவாதீனம். அறுபது நாள் கழிந்தும் பணம் வராவிட்டால், வங்கி வீட்டின் சுவாதீனத்தை எடுக்கும். பெரும்பாலும் முதலில் சுவரில் அறிவிப்பு ஒட்டப்படும். ஏழு நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில், அவற்றுள் ஒன்று தமிழில், விளம்பரம் வரும். வீட்டை உண்மையிலேயே காலி செய்விக்க, வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ விண்ணப்பித்து ஆணை பெறலாம். சிதம்பரத்து வீடாயினும் ஆணை கடலூரிலிருந்தே வரும். பூட்டை உடைக்கவோ பெண்டு பிள்ளைகளை அச்சுறுத்தவோ வசூல் முகவர் எவருக்கும் உரிமை கிடையாது.

சுவாதீன நடவடிக்கையை எதிர்க்க விரும்பினால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். நம் மாநிலத்தில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களில் இவை இயங்குகின்றன. கடனில் எழுபத்தைந்து விழுக்காட்டை முன்னதாகக் கட்டினால்தான் வழக்கே கேட்கப்படும் என்று தொடக்கத்தில் இச்சட்டம் கூறியது. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் அந்நிபந்தனையை நீக்கிவிட்டது. ஆனால் தீர்ப்பாயத்தில் தோற்று மேல்முறையீடு செய்வோர், பாக்கியில் பாதியை, குறைத்தாலும் கால் பங்கையேனும் கட்டியாக வேண்டும்.

நான்காம் படி ஏலம். அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரைக் கொண்டு விலை மதிப்பிட்டு, முப்பது நாள் முன்னறிவிப்புத் தந்தே முதல் ஏலம் நடத்த வேண்டும். இங்குதான் மிகப் பலர் ஏமாறுகின்றனர். பணத்தைக் கொண்டுபோய்க் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏலத்தன்று வரை உண்டு என்று எண்ணிக்கொள்கின்றனர். 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அவ்வுரிமை முடிகிறது. 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. ஆகவே கடைசி நாள் ஏல நாளன்று. அறிவிப்பு வெளிவருவதற்கு முந்திய நாளே.

இச்சட்டத்திற்கு விலக்குகளும் உள. விவசாய நிலத்தின்மீது இது செல்லாது. ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கும், அசலும் வட்டியும் சேர்ந்ததில் இருபது விழுக்காட்டுக்கும் குறைவாகவே பாக்கி நிற்கும் கடனுக்கும் இது பொருந்தாது. இவற்றில் வங்கி வேறு வழிகளில்தான் வழக்காட வேண்டும்.

தவறான வழிகள்

இடர் வந்த வேளையில் மனிதர் முதலில் நாடும் வழிகள் பலவும் இடரை மிகுவிப்பனவாகவே இருக்கின்றன.

சிலர் பதிவுத் தபாலை வாங்க மறுத்துவிடுகின்றனர். மறுத்தால் அறிவிப்பை வீட்டு வாயிலில் ஒட்டியும், செய்தித்தாளில் வெளியிட்டும் சார்வு செய்யச் சட்டம் இடம் தருகிறது. மறுத்தவர்க்கு மிஞ்சுவது, தெருவார் அனைவரும் படித்த கடிதத்தைத் தாம் மட்டும் படிக்காத நிலையே.

சிலர் உள்ளூர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை பெறலாம் என்று ஓடுகின்றனர். தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டிய செய்திகளில் உரிமையியல் நீதிமன்றம் தலையிடலாகாது என்று சட்டத்தின் 34-ஆம் பிரிவு கூறுகிறது. அங்கே அலைவதற்குள் தீர்ப்பாயத்தின் 45 நாள் கழிந்துபோகும்.

சிலர் வங்கிக்குத் தெரியாமல் வீட்டை விற்க முயல்கின்றனர். அறுபது நாள் அறிவிப்பு வந்த பின் வங்கியின் எழுத்து மூலமான இசைவின்றிச் சொத்தை விற்கலாகாது. அன்றியும், மூலப்பத்திரம் ஒப்படைத்ததைக் குறிக்கும் ஆவணம் நம் மாநிலத்தில் சார்பதிவாளரிடம் பதிவாவதால், வில்லங்கச் சான்று எடுப்பவர் எவருக்கும் அது தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது, வங்கிக் கடனை அடைக்கக் கந்துவட்டிக்காரரிடம் செல்வது. நூற்றுக்குப் பதினொன்று ஆண்டு வட்டியை அடைக்க, மாதத்திற்குப் பத்து வட்டிக்கு வாங்குவதை எந்தக் கணக்கு ஏற்கும்? அளவு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அத்தகையோர் அடமானப் பத்திரம் கேட்பதில்லை; கிரயப் பத்திரமோ பொது அதிகாரப் பத்திரமோ எழுதச் சொல்வர். "பணம் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பது வாய்ச்சொல். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தாலன்றி அது அடமானமாகக் கொள்ளப்படாது. கிரயம் எழுதியவர் விற்றவரே ஆகிறார்.

செய்ய வேண்டுவன

தவணை கட்ட இயலாது என்று தெரிந்த மாதத்திலேயே வங்கிக் கிளைக்குச் செல்லுங்கள். வாயால் சொல்வதோடு நில்லாமல், கடிதம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். என்ன காரணத்தால் இடர் வந்தது, மாதம் எவ்வளவு கட்ட இயலும், எப்போதிலிருந்து முழுத் தவணை கட்ட இயலும் என்ற மூன்றையும் எண்களோடு எழுதுங்கள். தவணைக் காலத்தை நீட்டுதல், ஓவர்டிராஃப்டைத் தவணைக் கடனாக மாற்றுதல் ஆகியவற்றை வங்கி பரிசீலிக்க முடியும். புயலோ வெள்ளமோ வந்து பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்டால், தவணையை மாற்றியமைக்கும் சிறப்பு வழிவகையும் உண்டு. அதற்கும் நாமே கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரே தொகையாகக் குறைத்து வாங்கிக் கணக்கை முடிக்கும் சமரசத் திட்டத்தை வங்கிகள் சில வேளைகளில் அறிவிக்கும். அதனைக் கேட்கலாம்; ஆனால் உரிமையாகக் கோர இயலாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இவ்வழியில் முடித்த கணக்கு சிபில் அறிக்கையில் அவ்வாறே குறிக்கப்பட்டு, பின்னர்க் கடன் பெறுவதைக் கடினமாக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

நம் உரிமைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். வசூல் முகவர் காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் கடன் கேட்டு அழைத்தலாகாது. தவணை தவறியதற்காக வட்டி விகிதத்தின்மேல் அபராத வட்டி சேர்க்கும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி 2024 முதல் நிறுத்திவிட்டது. தண்டக் கட்டணம் வாங்கலாம், அதன்மேல் வட்டி போடலாகாது. கடனை முழுதும் அடைத்தால் முப்பது நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் காலம் தாழ்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. குறை இருப்பின் முதலில் வங்கிக்கே எழுத வேண்டும். முப்பது நாளில் நிறைவான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எவரும் சோர வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, கடலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. சிதம்பரத்தில் வட்டக் குழு உண்டு. வருமானம் குறைந்தோர்க்கும், வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் அனைவர்க்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் வங்கியும் கடன்பட்டவரும் எதிரெதிரே அமர்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம். ஒப்புக்கொண்ட முடிவு இறுதியானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை. ஆதலின் கட்ட இயலாத தொகைக்கு அங்கே தலையசைத்துவிடக் கூடாது.

இவ்வளவு செய்தும் கணக்கு ஒத்துவராத குடும்பங்கள் சில இருக்கும். கசப்பாயினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்: அவர்கள் வீட்டைத் தாமே விற்பது நல்லது. வங்கியின் இசைவோடு, தக்க விலை தருபவரைத் தேடி, அமைதியாகப் பேசி விற்ற வீட்டுக்கும், சுவரில் அறிவிப்பு ஒட்டப்பட்டு அவசரத்தில் ஏலம் போன வீட்டுக்கும் விலையில் வேறுபாடு பெரிது. நாற்பது இலட்சம் பெறும் வீட்டை விற்று இருபத்தைந்து இலட்சக் கடனை அடைத்தால், கையில் பதினைந்து இலட்சம் மிஞ்சும். சிறிய மனையொன்று வாங்கவோ, சில ஆண்டுகள் வாடகைக்கு இருந்து தொழிலைச் சீர்செய்யவோ அது போதும். ஏலத்திலும் கடன் போக மிச்சம் நமக்கே உரியதுதான். ஆனால் மிச்சம் என்று ஒன்று இருக்குமா என்பது ஐயமே. கடன் தீராமல் எஞ்சினாலோ, அந்த எச்சத்திற்கும் நாமே பொறுப்பு.

இறுதியாக, இல்லத்தரசியரிடமும் பெற்றோரிடமும் ஒரு சொல். வீடு தாயின் பேரில் இருக்கும். கடன் மகனின் தொழிலுக்காக இருக்கும். "இங்கே ஒரு கையெழுத்துப் போடம்மா" என்ற ஒரு சொல்லில் அவள் ஜாமீன்தாரர் ஆகிவிடுவாள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்கு நிகரானது. முதலில் மகனிடம் கேட்டுவிட்டுத்தான் தன்னிடம் வர வேண்டும் என்று அவள் சொல்ல முடியாது. ஆகவே என்ன தொகை, என்ன வட்டி, எத்தனை ஆண்டு, கடன்பட்டவர் இறந்தால் காப்பீடு உண்டா என்று கேட்பது அவநம்பிக்கையன்று. கையெழுத்திடும் ஒவ்வொருவரும் ஆவணத்தின் நகலைப் பெற்று வீட்டில் வைத்திருத்தல் வேண்டும்.

கணவன் மனைவியிடமும், மகன் தந்தையிடமும் கடனை மறைப்பது பெரும்பாலும் அன்பினால்தான். அவர்கள் மனம் நோகக் கூடாது என்னும் எண்ணத்தினால்தான். ஆனால் அந்த மௌனத்தின் விலையைக் குடும்பம் முழுவதுமே கொடுக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரேனும், சட்டம் அறிந்த இளைஞர் ஒருவரேனும் இருப்பர். பிரிக்கப்படாத கடிதம் ஒன்று வீட்டில் இருக்குமாயின், இன்று மாலையே அதனை எடுத்து, குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, அதன் தேதியைப் பார்த்து நாள்களை எண்ணுங்கள். எண்ணத் தக்க நாள்கள் இன்னும் மீதம் இருக்கக் கூடும்.